ஐந்து அடுப்பில் வெயிலுகந்தாள்

மழைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஆவரங்கரட்டில் கல்யாண மண்டபம் மட்டும் மூன்று இருக்கிறது, மூன்றிலும் அண்டா என்னுடையது, கிடாரம் என்னுடையது, கரண்டி என்னுடையது, ஆகவே எந்த விசேஷத்தில் என்ன நடந்தது என்று பாத்திரக்கடை அழகுமலையைத் தவிர வேறொருத்தன் வந்து சொன்னால் அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். வெயிலுகந்தாள் புத்தி ஐந்து அடுப்புக்குப் பிரிந்து போன அன்றைக்கு அவளுக்கு எட்டடி தள்ளி நின்று நான் தவலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

வெயிலக்கா என்றுதான் ஊரே கூப்பிடும். சுற்றுப்பட்டுப் பதினெட்டு ஊருக்கும் கல்யாணச் சமையல் அவளும் ஐந்து ஆட்களும் சேர்ந்த கட்டுதான். அந்தக் கட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அடுப்பில் தீ ஏறிவிட்டால் அவள் ஒருத்திதான் பேசுவாள், மற்ற ஐந்து பேரும் துண்டால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். சோற்றில் எச்சில் தெறிக்கக் கூடாது என்பது ஒன்று, பேச்சு வளர்ந்தால் பருப்பு அடிப்பிடிக்கும் என்பது இன்னொன்று. உப்பு வேண்டுமா, அக்காவைப் பார்த்து ஒரு விரல். விறகு வேண்டுமா, இரண்டு விரல். அக்கா பார்ப்பாள், சொல்வாள், நடக்கும். ஐந்து பேரும் பதினாறு வருசமாகப் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள், ஒருத்தர் வேர்வை இன்னொருத்தர் மேல் விழுகிற நெருக்கத்தில் நின்றவர்கள், ஆனால் அடுப்படியில் ஒருத்தரோடு ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வைகாசி வளர்பிறை முகூர்த்தம், வெயில் மண்டபத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது, அக்கா ரசத்துக்குத் தாளிக்க வாணலியில் எண்ணெய் ஊற்றினாள், இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு திருப்பூரில் இருக்கிற மகன் காளிராஜோடு பேசிக்கொண்டே கடுகைப் போட்டாள், கடுகு வெடித்தது. கடுகு வெடித்த வாசம் எப்படி ஓர் இடத்தில் நிற்காமல் அறை அறையாகப் போய் உட்காருமோ, அப்படி அவள் தலைக்குள் இருந்தது அத்தனையும் வெளியே வந்து, எந்த அடுப்பில் எவர் நின்றாரோ அவரிடம் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அரிசி மூட்டை மேல் போய் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, சிரிக்கிற ஆளைத்தான் காணோம்.

சோற்று அடுப்பில் நின்ற குருவம்மா, கையும் காலும் சேர்த்து இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவள், பந்திக் கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் பதினெட்டுக் கிலோ உலையில் போட்டாள், கடைசிப் பந்தியில் ஒரு கரண்டி மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. சாம்பார் அடுப்பு மாடத்திக்கு அக்காவின் மூக்கும் நாக்கும் வந்து சேர்ந்தன. விறகு தள்ளுகிற சீனிராஜுக்கு நேரம் வந்தது. எது எப்போது வேகும், எது எப்போது இறங்க வேண்டும் என்பது கடிகாரம் பார்க்காமல் அவன் முழங்காலில் தெரிந்தது. காய் நறுக்குகிற பொன்னுத்தாய்க்கு ஊர்ப்பட்ட பெயரும் முகமும் உறவும் பகையும் வந்து குவிந்தன, யாருக்குக் கத்திரிக்காய் ஆகாது, எந்தச் சம்பந்தி எந்தச் சம்பந்தியோடு ஒரே இலை வரிசையில் உட்கார மாட்டார் என்று ராத்திரியெல்லாம் புலம்பினாளாம். பரிமாறுகிற சங்கிலிக்கு, மீசையை முறுக்கினால் நாய் ஒதுங்கிப் போகும், அந்தச் சங்கிலிக்கு, அக்காவின் துக்கம் வந்தது. எட்டு வருசத்துக்கு முன்னால் செத்துப்போன அக்கா வீட்டுக்காரரின் சட்டை வாசம் அவன் மூக்கில் ஏறி, வெள்ளிக்கிழமை தவறாமல் உச்சிவேளையில் உட்கார்ந்து அழுதான்.

அக்காவுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். மூச்சு அவளிடமே இருந்தது. நெஞ்சடிப்பு இருந்தது. பசித்தால் வாய் திறந்தது, தீப்பொறி பட்டால் கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. உடம்பை நடத்துகிற அறிவு உடம்பை விட்டுப் போகவில்லை. கூப்பிட்டால் திரும்புகிற வெயிலக்காதான் இல்லை.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் மூக்கில் விரல் வைக்கிற ஊர் இல்லை. முதல் வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரம் பழகிவிட்டார்கள். முன்பெல்லாம் விசேஷம் வைத்தால் ஒரு வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டவர்கள் இப்போது ஐந்து வீட்டுக்கு வைத்தார்கள், அரிசி பருப்புக்குக் குருவம்மா, ருசிக்கு மாடத்தி, நாள் நேரத்துக்குச் சீனிராஜ், யாரை எங்கே உட்கார வைப்பது என்பதற்குப் பொன்னுத்தாய், இழவு வீட்டுக்குத் துணையாக உட்காரச் சங்கிலி. ரேஷன் கடையில் அக்காவின் கைரேகை வைக்க ஐந்து பேரும் சேர்ந்து அவளைக் கூட்டிப் போனார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் பெருக்கல் கணக்கைக் குருவம்மாவிடம் சரிபார்த்துக்கொண்டார், ‘பாதிக் கிழவி என் வீட்டில்தான் இருக்கிறாள்’ என்று மாடத்தியின் புருசன் டீக்கடையில் பெருமை பேசி அவளிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. மதுரைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் தலையைப் படம் எடுத்துப் பார்த்தேன். சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையாகச் சொன்னாள்.

“தலைக்குள்ள ஒரு முதலாளி உக்காந்து எல்லாத்தையும் பாக்குறதில்ல அண்ணாச்சி. பாக்குறதுக்கு ஓர் இடம், பேசுறதுக்கு ஓர் இடம், பயப்படுறதுக்கு ஓர் இடம்னு தனித்தனியா வேலை நடக்குது. அந்த இடமெல்லாம் இவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவுல நரம்பு வழியாப் போக்குவரத்து நடக்கணும், அதுதான் இல்ல. அந்தப் போக்குவரத்துதான் ஆளு.”

ஊருக்கு வந்து, இடமெல்லாம் நல்லா இருக்காம் என்று சொன்னேன். மிச்சப் பாதி எனக்கு உபயோகமில்லாததாகத் தோன்றியதால் சொல்லவில்லை. மூன்று மாதம் அதனால்தான் வீணாகப் போயிற்று, என் தப்புதான், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

இடமெல்லாம் நன்றாக இருக்கிறதென்றால் இடங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் போதுமே என்று ஊர் யோசித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து பேரையும் குளிக்கச் சொல்லி, அக்காவை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் உட்கார்த்தினோம். அக்கா முன்னால் உட்கார்ந்ததும் ஐந்து பேரும் மரியாதையாகத் துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் கட்டச் சொல்லவில்லை, பதினாறு வருசப் பழக்கம். பொழுது சாயும்வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு டம்ளர் மோர் குடித்தாள், அவ்வளவுதான்.

ஆனி மாத முகூர்த்தங்களில் மானம் கப்பல் ஏறியது. உருப்படி உருப்படியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. மாடத்தி சாம்பார் தேவலோகத்துக்கு அனுப்பலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் சண்டை போட்டுக்கொண்டு வராமல் நின்றுவிட்டார்கள் என்பது பொன்னுத்தாய்க்குத் தெரியும், அவளிடம் கேட்கக் குருவம்மாவுக்குத் தெரியாது, முந்நூறு பேர் சோறு மாட்டுக்குப் போயிற்று. பொரியல் இறங்க வேண்டிய நேரம் சீனிராஜ் முழங்காலில் குடைந்துகொண்டே இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விறகைத் தள்ளினான். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, நிறுத்துவதற்கு ஆளில்லை. பாயசம் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது, கத்தியால் வெட்டிப் பரிமாறினார்கள். அப்பளம் பொரித்தவர்கள் எண்ணெய் தீரும்வரை பொரித்தார்கள். ஐந்து பேருக்கும் எல்லாம் தெரியும், போதும் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அந்த ஒன்று எங்கே போனது என்று நாங்கள் தேடவும் இல்லை.

ஆடி கடைசியில் காளிராஜ் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கை சுத்தமான வேலைக்காரன், வீட்டில் பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கேட்டால், வைகாசியிலிருந்தே இப்படித்தான் என்றான். சாப்பிட உட்கார்ந்தால் நாலாவது வாயில் போதும் என்று எழுந்துவிடுகிறான், துணியைப் பாதி வெட்டிவிட்டுப் போதும் என்று கத்தரியை வைக்கிறான், குழந்தை மடியில் ஏறினால் போதும் என்று இறக்கிவிடுகிறான், கம்பெனியில் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனசு சரியில்லை, அம்மா நினைப்பு என்று அவனாக ஒரு காரணம் வைத்திருந்தான். அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறேன், இனி இங்கே யாரும் அவளை அடுப்படியில் பொம்மை மாதிரி உட்கார வைக்க வேண்டாம் என்றான்.

பெற்ற மகன் கேட்கிறான், என்ன சொல்ல முடியும். ஆனாலும் ஐந்து பேரும் அவனைச் சூழ்ந்து நின்றுகொண்டார்கள். அக்கா போய்விட்டால் அவர்களிடம் இருக்கிறது எதுவும் அவளிடம் திரும்பப் போவதில்லை, திருப்பூரில் ஏதோ ஒரு மாடி அறையில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். மாடத்திதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆவணி நாலில் அவள் மகளுக்குக் கல்யாணம், அதுவரைக்கும் மட்டும் அக்கா இருக்கட்டும் என்று கெஞ்சினாள்.

“சரிக்கா. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில பஸ்ஸு. போதும்,” என்றான் காளிராஜ்.

அன்றைக்கும் அதே மண்டபம், அதே அரிசி மூட்டை, அதன் மேல் அக்கா. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். மாடத்தி சாம்பார் அடுப்பை விட்டு நகரவில்லை, பெண்ணைப் பெற்றவள் மணவறைப் பக்கம் போகாமல் இப்படி நிற்கலாமா என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள், அவள் போகவில்லை, தாலி கட்டி முடித்துக் கெட்டிமேளம் அடங்கியபோது அடுப்பு முன்னால் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதாள், அழுததில் மூக்கு அடைத்துக்கொண்டது, பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் சுற்றுப்பட்டிலேயே பெரிய மூக்குக்குத் தெரியவில்லை. சீனிராஜ் முழங்காலில் அந்த நேரம் முள்ளாகக் குத்தியது. அக்காவைப் பார்த்து விரலைக் காட்டினான். அக்கா சிரித்த முகமாக இருந்தாள். இன்னொரு தடவை காட்டினான். அப்புறம் வாய்த்துண்டைக் கழற்றித் தோளில் போட்டான்.

“மாடத்தி, பருப்பு அடிப்பிடிக்குது. இறக்கு.”

பதினாறு வருசத்தில் ஓர் அடுப்பிலிருந்து இன்னோர் அடுப்புக்குப் போன முதல் வார்த்தை அதுதான். நான் கையில் வைத்திருந்த தவலையை நழுவவிட்டேன், அதன் நெளிவு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். மாடத்தி பதறி அண்டாவை இறக்கினாள், இறக்கிய வேகத்தில் அவளும் துண்டை அவிழ்த்தாள், சோறு எத்தனை கிலோ போட்டாய் என்று குருவம்மாவைக் கேட்டாள், குருவம்மா சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டம் வருமா வராதா என்று பொன்னுத்தாயைக் கேட்டாள், அவர்கள் வரமாட்டார்கள், போன தையில் வரப்புத் தகராறு என்றாள் பொன்னுத்தாய், அப்படியென்றால் அடுத்த உலை வேண்டாம், பந்தி எத்தனை மணிக்கு எழும் என்று சீனிராஜைக் கேட்டார்கள், கேள்வி ஓடியது, பதில் ஓடியது, பதிலிலிருந்து இன்னொரு கேள்வி கிளம்பியது, தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி பேச்சு ஐந்து அடுப்பையும் சுற்றி வந்தது. அரிசி மூட்டை மேல் இருந்த அக்காவின் கழுத்து பேச்சு போகிற பக்கமெல்லாம் திரும்பியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. சங்கிலி இலைக்கட்டை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தான், ஏன் அழுகிறாய் என்று முதல்முறையாகப் பொன்னுத்தாய் கேட்டாள், நீலக்கோடு போட்ட சட்டை, அதில் பீடி வாசம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

“சங்கிலி, நீ ஏன்டா அழுவுற? செத்தது என் புருசன்.”

வெயிலக்கா எழுந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். டாக்டரம்மா சொன்னதில் நான் விழுங்கிய பாதி அப்போதுதான் தொண்டையில் வந்து நின்றது. ஆளைத் தலைக்குள் தேடினோம், அவள் இவர்கள் பேசுகிற பேச்சில் இருந்தாள்.

ஆனால் அக்கா நிற்கவில்லை. வாய் திறந்தவள் மூடவில்லை. புருசனைச் சொல்லி அழுதாள், அழுதுகொண்டே உப்பைச் சரிபார்த்தாள், மாடத்தி மகளை வாழ்த்தினாள், மாப்பிள்ளை ஊரில் யார் யார் வீட்டில் எத்தனை தலை என்று ஒப்பித்தாள், இன்னும் நாற்பது தேங்காய் உடைக்கச் சொன்னாள், மறுவீட்டுக்கு, வளைகாப்புக்கு, பிறக்கப்போகிற பிள்ளையின் காதுகுத்துக்கு இப்போதே உலை வைக்கச் சொன்னாள், ஐந்து பேரும் அக்கா சொல்கிறாளே என்று ஓடினார்கள், மூச்சு வாங்கியது அவளுக்கு, முகம் சிவந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் பேசினாள். வாசற்படியில் காளிராஜ் நின்றிருந்தான்.

“போதும்மா,” என்றான்.

அக்கா நின்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “காளி, எப்ப வந்தே? இளைச்சிட்டியேடா,” என்றாள்.

அப்போது எல்லாருக்கும் விளங்கியது. கடுகு வெடிக்கும்போது காதில் இருந்த செல்போன் வழியாக ஒரு பங்கு திருப்பூருக்குப் போயிருக்கிறது. அவனுக்கும் விளங்கியது. மூன்று மாதமாகத் தன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் அவன் சொன்ன ‘போதும்’ எல்லாம் அம்மாவுடையது. மடியிலிருந்து இறக்கிவிட்ட குழந்தைகளை நினைத்தானோ என்னவோ, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போனால் அங்கே அவளுக்கு இருக்கப்போவது அந்தப் ‘போதும்’ ஒன்றுதான். அவன் மட்டும் போனால் இவள் பேசிப் பேசியே நெஞ்சு வெடித்துச் சாவாள். எழுந்து, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிடுகிறேன் என்றான்.

“இருந்து? உன் புள்ளைகளுக்கு யாரு இருப்பா? அதுகளுக்கும் நீ போதும்னு சொல்லிக்கிட்டு இருப்பியா?” என்றாள் அக்கா. “அந்தத் துண்டை எடுத்து வாயைக் கட்டு. எனக்கு என்ன ஆனாலும் அவுக்கப்படாது.”

அவன் கட்டிக்கொண்டான். கட்டிய மாத்திரத்தில் அக்காவுக்குப் பேச்சு திரும்பவும் கட்டவிழ்ந்தது. அடுப்பில் பாசிப்பருப்புப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் வெல்லம் போடு என்றாள், போட்டார்கள். இன்னும் எரி என்றாள், எரித்தார்கள். பாயசம் இறுக ஆரம்பித்தது, அக்கா பழைய துக்கமும் புதிய கணக்குமாக வாயில் நுரை தள்ளப் பேசினாள், காளிராஜ் துண்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வடிய நின்றான், சீனிராஜுக்கு நேரம் தெரியும், மாடத்திக்குப் பதம் தெரியும், குருவம்மாவுக்கு அளவு தெரியும், சங்கிலிக்கு அக்காவின் நெஞ்சு படுகிற பாடு தெரியும், ஆனாலும் அக்காவைப் பார்த்து ஒருத்தர் எப்படிச் சொல்வது, இன்றுவரை யார் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆயிற்றா என்று மாடத்தி கேட்டாள், ஆயிற்று என்றான் சீனிராஜ், அளவு சரியா என்றாள், சரி என்றாள் குருவம்மா, அக்காவுக்குத் தாங்காது என்றான் சங்கிலி. மாடத்தி கரண்டியை வைத்துவிட்டுப் போய் அக்காவின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“அக்கா. போதும்.”

அக்கா வாயை மூடினாள். பிறகு மாடத்தியின் கன்னத்தில் செல்லமாக ஓர் இடி இடித்து, “இதைச் சொல்ல உனக்குப் பதினாறு வருசம் ஆச்சா, பாயசத்தை இறக்கு,” என்றாள். பாயசம் கரண்டியில் வழிகிற பதத்தில்தான் இருந்தது, நான் மூன்று டம்ளர் குடித்தேன். காளிராஜ் துண்டை அவிழ்த்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தான், இரண்டாவது தடவை சோறு வாங்கினான், மூன்றாவது தடவையும் வாங்கினான்.

அன்றிலிருந்து வெயிலக்காவின் தலைக்குள் எதுவும் திரும்பிப் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. ஐந்து பேரும் அவள் தெருவுக்கே குடி வந்துவிட்டார்கள், சுவருக்கு மேலே பேசுகிறார்கள், வாசல் தெளிக்கும்போது பேசுகிறார்கள், தூக்கம் வந்து பேச்சு நின்றால் அக்காவும் தூங்குவாள், ஊரில் எல்லாரும் அப்படித்தானே. கட்டுச் சமையலில் இப்போது வாய்த்துண்டு உண்டு, ஆனால் அதற்குள்ளிருந்து வருகிற சத்தத்தில் நாதஸ்வரக்காரர் மைக் கேட்கிறார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பஸ்ஸுக்கு நாங்கள் எல்லாரும்தான் போனோம். ஐந்து பேரும் தக்காளி விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், நடுவில் அக்கா மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை.

“நாளைக்கே இவங்கள்ல ஒருத்தர் இல்லாமப் போனா என்னம்மா செய்வே?”

“பக்கத்துல நிக்கிறவ கத்துக்குவா. நேத்து மாடத்தி கத்துக்கலையா?”

அவனுக்கு அது சமாதானமாக இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்து அழுதான், கண்டக்டர் விசில் ஊதினார், டிரைவர் ஹாரன் அடித்தார், அவன் விடவில்லை. மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் ‘போதும்’ சொன்னவனுக்கு அந்தக் காலையில் அம்மா எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. எங்கள் யாருக்கும் அவனைப் பிரித்துவிட மனசு வரவில்லை, மாடத்திகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அக்கா அவன் தலைமுடியைக் கோதிவிட்டாள், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், அவன் கைகளைத் தன் இடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“போதும்டா, ஏறு,” என்றாள்.